ஓசி ஷாட்டும் பத்து மணிச் சட்டமும்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை எனக்கு முன்னால் அம்மா கேட்டுவிட்டாள். "கைடு வைத்து ராத்திரியில் நாலு இடம் கூட்டிக்கொண்டு போகிறார்களாம்" என்று வந்து சொன்னாள். அந்த நாலு இடமும் பார்தான், இதற்குப் பெயர் பப் கிரால் என்று நான் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சரிதான், நவக்கிரக டூர் மாதிரி. ஒரே நாளில் எல்லா சன்னிதியும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், அதனால் வீட்டில் பிரச்சினை எதுவும் இல்லை.

நீயும் அனுமதி கேட்கவில்லை. "பப் கிரால் நல்லா இருக்குமாப்பா, காசுக்குத் தகுந்ததா?" என்றுதான் கேட்டாய். தொழில் தெரிந்தவனிடம் கேட்கிற கேள்வி அது, பதிலையும் அப்படியே சொல்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். ஜெர்மனியின் டிரெஸ்டனிலிருந்து செக் தலைநகர் பிராகுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம் உட்கார வேண்டுமே, அப்போது படி.

நீ எல்கேஜி போன காலத்தில் நான் பிராகில் இருந்தது உனக்குக் கோட்டைப் படம் போட்ட போஸ்ட்கார்டாக மட்டும்தான் நினைவிருக்கும். வாரநாளில் உணவகம், வெள்ளி, சனி ராத்திரியில் பழைய நகரத்து பார் ஒன்றில் கூடுதல் ஷிப்ட். மலிவு விமானங்கள் பறக்க ஆரம்பித்திருந்த நேரம். கல்யாண மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு இங்கிலாந்திலிருந்து பட்டாளம் பட்டாளமாக வந்து இறங்குவார்கள், எல்லாருக்கும் ஒரே டி-ஷர்ட். அவர்களையும், ஹாஸ்டலில் தங்கும் மாணவர்களையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு வருவதுதான் கிரால் கைடின் வேலை. நாற்பது, ஐம்பது பேர் ஒரே நேரத்தில் கதவில் நுழைவார்கள். பத்து நிமிடத்துக்குக் கை ஓயாது.

இதன் கணக்கு கௌண்டருக்கு உன் பக்கம் நின்றால் தெரியாது. டிக்கெட் வாங்கினால் முதல் இடத்தில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ பியர், ஷாட் (ஒரே மடக்கில் அடிக்கும் சின்ன கிளாஸ் சரக்கு) எல்லாம் அளவில்லாமல். அடுத்தடுத்த பாரில் நுழையும்போது ஆளுக்கு ஒரு ஓசி ஷாட். கடைசியில் வரிசையில் நிற்காமல் ஒரு கிளப்புக்குள். குடித்ததற்கும் கிளப் நுழைவுக்கும் சேர்த்து டிக்கெட் காசு லாபம் என்று நீ நினைப்பாய். பார்காரனுக்கோ, காற்று வாங்கும் செவ்வாய்க்கிழமையில் ஐம்பது தலை உள்ளே வருவதுதான் கணக்கு. ஓசி ஷாட் அவன் கொடுக்கும் வாடகை. அதைக் குடித்த பிறகு ஆளுக்கு ஒன்றாவது காசு கொடுத்து வாங்குவார்கள், அதற்கு வேண்டிய நேரம்தான் கைடு அந்த பாரில் நிற்பான். ராத்திரி முடிந்ததும் எங்கள் மேனேஜர் தலையை எண்ணி கைடுக்குக் கமிஷன் கொடுப்பார். முதல் இடத்தில் வேகமாக ஏற்றிவிடுவதும் இதற்காகத்தான். இரண்டாவது இடத்தில் விலைப்பட்டியலைத் திருப்பிப் பார்க்கும் ஆள் யாரும் இருக்க மாட்டார்கள்.

அந்த ஓசி ஷாட் எப்படித் தயாரானது என்று சொல்கிறேன். எங்கள் பாரில் அதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் ஜக் தனியாக இருந்தது. இருப்பதிலேயே மலிவான வோட்கா, மேலே பீச் சிரப்போ ஸ்ட்ராபெரி சிரப்போ, ஜக் நிறைய ஐஸ். ஷாட் கிளாஸ்களை ஒன்றோடொன்று ஒட்டி இரண்டு வரிசையாக ட்ரேயில் அடுக்குவோம். ஜக்கைச் சாய்த்து, நடுவில் நிமிர்த்தாமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே இழுப்பாக ஊற்றிக்கொண்டு போவோம். ட்ரேயில் வழிந்து தேங்குவதைப் பற்றிக் கவலையே கிடையாது. நல்ல சரக்கை எந்த பார்டெண்டரும் அப்படி ஊற்ற மாட்டான். இனிப்பு தூக்கலாக இருப்பதால் எவ்வளவு உள்ளே போனது என்று நாக்குக்குத் தெரியாது. காலையில் தலைக்குத் தெரியும்.

அப்சிந்த் என்று ஒரு சரக்கு வைப்பார்கள். பச்சையாக, 60, 70 சதவீதம் ஆல்கஹால். கரண்டியில் சர்க்கரைக் கட்டி, அதற்குத் தீ, எல்லாரும் போனைத் தூக்கிப் படம் பிடிப்பார்கள். படம் மட்டும் பிடித்துக்கொள். நம் ஊர் ஸ்மால் 30 மில்லி; அங்கே சாதாரண ஷாட்டே 40 மில்லி. 70 சதவீதச் சரக்கில் 40 மில்லி என்றால், நம் ஊர் விஸ்கியில் ஒரு லார்ஜையும் (60 மில்லி) தாண்டிவிடும். அதை ஒரே மடக்கில் அடிக்கச் சொல்கிறார்கள்.

ஷாட்டே வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் திரும்பி வந்த பிறகு, 2012 செப்டம்பரில், செக் நாட்டில் மெத்தனால் என்ற விஷச் சாராயம் கலந்த போலி வோட்காவும் ரம்மும் சந்தைக்கு வந்து பல பேர் செத்தார்கள். 20 சதவீதத்துக்கு மேல் உள்ள எல்லாச் சரக்கின் விற்பனையையும் நாடு முழுக்க நிறுத்திவிட்டது அரசாங்கம். பார் அலமாரி முழுக்கப் பாட்டில், பியரும் ஒயினும் தவிர ஒன்றும் விற்கக் கூடாது. அங்கே என்னோடு வேலை பார்த்தவர்கள் போன் பண்ணிப் புலம்பினார்கள். 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் போனதும் இதே மெத்தனால்தான். அதே வருடம் நவம்பரில் லாவோஸின் வாங் வியெங்கில் செத்த ஆறு பேரும் உன்னைப் போல ஊர் சுற்றப் போனவர்கள். வாசனையிலோ ருசியிலோ கண்டுபிடிக்க முடியாது. அரைநாள், ஒருநாள் கழித்துப் பார்வை மங்கும், மூச்சு வாங்கும். ஹேங்ஓவர் என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். இன்றைக்கு பிராகில் லைசென்ஸ் உள்ள பாரில் இதற்கு வாய்ப்பு ரொம்பக் குறைவு, அதனால் பயப்படாதே. ஆனாலும் பாட்டில் முகம் தெரியாத சரக்கு எதற்கு? உலகத்திலேயே ஆளுக்கு அதிகமாக பியர் குடிக்கிற நாட்டுக்குப் போய், ஜக்கில் கலக்கின சிரப்பைக் குடித்துவிட்டு வருவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பியர் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பலகையில் 10, 12 என்று டிகிரி போட்டிருப்பார்கள். அது ஆல்கஹால் சதவீதம் இல்லை, காய்ச்சும்போது கரைசலில் எவ்வளவு மால்ட் சர்க்கரை இருந்தது என்ற அளவு. 10 என்றால் ஏறக்குறைய 4 சதவீதம், 12 என்றால் 5. நம் ஊர் 'ஸ்ட்ராங்'கைவிட இரண்டுமே சாது. இன்று உலகம் முழுக்க விற்கும் பொன்னிற பியருக்கு மூலம் பக்கத்து ஊரான பில்சன். 1842-இல் யோசெஃப் க்ரோல் என்ற பவேரியாக்காரர் அங்கே காய்ச்சியது. சில பப்பில் அதைப் பாஸ்ச்சுரைஸ் பண்ணாமல், அதாவது சூடாக்கிப் பதப்படுத்தாமல், பெரிய டாங்கில் கொண்டுவந்து நேராகக் குழாயில் விடுவார்கள். முடிந்தால் அப்படி ஒரு கடையில் குடி. மேலே மூன்று விரல் கனத்துக்கு நுரை நிற்கும். நம் ஊரில் நுரை வந்தால் அளவில் ஏமாற்றுகிறான் என்று சண்டை போடுவோம்; அங்கே நுரை இல்லாமல் கொடுத்தால் சண்டை. நானும் முதல் வாரம் கிளாஸைச் சாய்த்து நுரை வராமல் கவனமாக ஊற்றிக் கொடுத்தேன். தாத்தா ஒருவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிளாஸைத் திருப்பி நகர்த்தினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அதனால் நீ ஒன்று செய். கிரால் சாயந்தரம் ஏழு, எட்டு மணிக்கு ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் நாலு மணிவாக்கில் நீங்கள் நாலு பேரும் ஒரு நல்ல பழைய பப்பில் போய் உட்காருங்கள். ஹுசோவா தெருவில் 'உ ஸ்லதேஹோ திக்ரா' இருக்கிறது. எழுத்தாளர் போஹுமில் ஹ்ரபல் வழக்கமாக உட்கார்ந்த இடம். 1994-இல் செக் அதிபர் ஹாவெல், அமெரிக்க அதிபர் கிளிண்டனை அங்கேதான் அழைத்துப் போனார். மூன்று மணிக்குத் திறப்பார்கள். பழைய வாடிக்கையாளர்கள் மேசையைப் பிடித்துக்கொள்வார்கள், இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். 1499-இலிருந்து நடக்கும் 'உ ஃப்லெகூ'வில் அவர்களே காய்ச்சும் கறுப்பு பியர் உண்டு, கூட்டமும் உண்டு. இரண்டும் சரிப்படாவிட்டால் டிராம் ஏறி ஜிஷ்கோவ் பக்கம் போ, தெருவுக்குத் தெரு பப். அரை லிட்டர் பியர் 60, 70 கொருனாவுக்குள் (செக் பணம்) இருக்கும்.

உட்கார்ந்ததும் மேசையில் நீளமாக ஒரு துண்டுச் சீட்டு வைப்பான். ஒவ்வொரு கிளாஸுக்கும் பேனாவால் அதில் ஒரு கோடு. அதுதான் பில். அதில் கிறுக்காதே, தொலைக்காதே. கிளாஸ் காலியாகும்போது நீ கேட்காமலே அடுத்தது வந்து உட்காரும். போதும் என்றால் கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டையை எடுத்துக் கிளாஸ் மேல் மூடி வை, புரிந்துகொள்வான். சர்வர் சிரிக்க மாட்டான். உன்மேல் கோபம் என்று நினைக்காதே, எல்லாரிடமும் அப்படித்தான். கிளாஸை இடிக்கும்போது எதிராளியின் கண்ணைப் பார். சாப்பிட வறுத்த சீஸ் கிடைக்கும். எண்ணெயில் வெங்காயம், மிளகாய், பூண்டோடு ஊறப்போட்ட ஹெர்மெலீன் சீஸ் ஒன்று உண்டு, ரொட்டியோடு வரும். உனக்குப் பிடிக்கும். வயிறு நிறையச் சாப்பிடு. கிராலில் சாப்பாடே கண்ணில் காட்ட மாட்டார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு கிராலுக்குப் போகாதே என்று சொல்லவில்லை. தனியாக ஊர் சுற்றுகிறவனுக்கு அது நல்ல ஏற்பாடு. முன்பின் தெரியாத பத்து நாட்டுப் பிள்ளைகளோடு ஒரே ராத்திரியில் பழகிவிடலாம். அங்கே முன்பின் தெரியாமல் சந்தித்துக் கல்யாணம் வரை போன ஒரு ஜோடி எனக்கே தெரியும். கைடும் பெரும்பாலும் உன்னை மாதிரிப் படிக்கிற பிள்ளைதான், டிப்ஸை நம்பி நிற்பவன். பின்தங்குகிறவர்களைத் திரும்பித் திரும்பி எண்ணிக்கொண்டு நடக்கிற நல்ல கைடுகளைப் பார்த்திருக்கிறேன். டிக்கெட் காசு கூட்டத்துக்கு என்று நினைத்துக்கொண்டால் நஷ்டமில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் உன் கண்ணெதிரே குழாயில் பிடித்த பியரை மட்டும் வாங்கு. ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் யாரும் இன்னொன்றைத் திணிக்க மாட்டார்கள். கிளாஸை வைத்துவிட்டு டாய்லெட் போனால், திரும்பி வந்து அதைத் தொடாதே, புதிதாக வாங்கு.

பணம் கட்டுமுன் டிக்கெட்டில் நேரத்தைப் பார். கைடு கூட்டிக்கொண்டு போகும் பப் கிராலுக்கு ராத்திரி 10 முதல் காலை 6 வரை பிராக் நகராட்சி 2024-இல் தடை விதிக்க முடிவெடுத்தது. ட்லௌஹா தெருப் பக்கம் குடியிருப்பவர்கள் வருடக்கணக்காகத் தூங்காமல் புகார் எழுதியவர்கள். ஜன்னலுக்குக் கீழே ராத்திரி ஒரு மணிக்கு ஐம்பது பேர் பாட்டுப் பாடினால் யார்தான் பொறுப்பார்கள்? நீயும் உன் சிநேகிதிகளும் பத்து மணிக்கு மேல் சொந்தமாக பாருக்குப் போவதற்குத் தடை கிடையாது, கூட்டம் சேர்த்து நடத்திப் போவதற்குத்தான். அதனால் நடுராத்திரி தாண்டியும் கைடு வருவான் என்று ஒருவன் தெருவில் டிக்கெட் விற்றால், அவன் எதை விற்கிறான் என்று யோசி. மற்ற ஊர்களும் இப்படித்தான் ஆகிவருகின்றன. ஸ்பெயினின் மஜோர்காத் தீவில் மகலூஃப் பக்கம் 2020-இலேயே கிராலை நிறுத்தினார்கள். ஆம்ஸ்டர்டாம் 2023-இல், கூத்தடிக்க வருவதானால் வராதீர்கள் என்று இங்கிலாந்துப் பையன்களுக்கு விளம்பரமே போட்டது. பிராகில் தெருவில் பியரைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதற்கும் பல இடங்களில் அபராதம் உண்டு. ஒரு பாரிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கிளாஸை உள்ளேயே வைத்துவிட்டு வா.

திரும்புவது பற்றி. மெட்ரோ நடுராத்திரியோடு சரி, வெள்ளி சனியில் ஒரு மணிவாக்கு வரை. அதற்கு மேல் ராத்திரி டிராம்கள் 91 முதல் 99 வரை, எல்லாம் லாசார்ஸ்கா நிறுத்தத்தில் சந்திக்கும். என் காலத்தில் 51 முதல் 59. யாராவது பழைய எண்ணைச் சொன்னால் குழம்பாதே. தெருவில் கை காட்டி டாக்ஸி ஏறாதே, ஆப்பில் கூப்பிடு. ஏடிஎம்மில் 'யூரோவில் கழிக்கட்டுமா' என்று கேட்டால் வேண்டாம் என்று அமுக்கி, கொருனாவிலேயே எடு; இல்லாவிட்டால் மாற்று விகிதத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு போய்விடும்.

கூட வந்தவர்களில் யாராவது எழுப்பினால் எழுந்திருக்கவில்லை என்றால் 'தூங்கட்டும்' என்று விடக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வை, பக்கத்திலேயே உட்கார், ஆம்புலன்ஸுக்கு 155-இல் போன் பண்ணு, 112-ம் எடுக்கும். திட்டுவார்களே என்று தயங்காதே. அங்கே குடித்து விழுந்தவரைப் பார்த்துப் பதறுகிறவர்கள் இல்லை. 1951-லேயே யாரோஸ்லாவ் ஸ்காலா என்ற டாக்டர், போதை தெளியும் வரை படுக்கவைக்க பிராகில் தனி நிலையமே ஆரம்பித்துவிட்டார். கட்டணம் மட்டும் படுத்தவரிடமே வாங்குவார்கள்.

அம்மா ஒன்று சொல்லச் சொன்னாள்: கார்லோவி வாரி வேஃபர், வட்டமாக, தட்டு அளவு பெரிதாக இருக்குமே, நான் அப்போது ஒருமுறை கொண்டுவந்தது, அதில் இரண்டு பெட்டி. ஹேசல்நட் வைத்தது. சாக்லேட் வேண்டாமாம்.

அன்புடன்,
அப்பா