ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் அங்கன்வாடி வேணுமுங்க

சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை அதிகாரிகளுக்கும் திருப்பூர் மாவட்ட நிர்வாகத்துக்கும் வணக்கமுங்க.

நான் ஒரு பவர்டேபிள்ல, அதாவது பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தெச்சுக் குடுக்கற சின்ன ஷெட்டுல, ஓவர்லாக் தையல் அடிக்கிறேன். பனியன் கம்பெனி ஷிப்ட் உங்களுக்குத் தெரியாதது இல்லீங்க, காலைல எட்டரைக்குப் போனா பொழுதோட அஞ்சரைக்கு ஒரு ஷிப்ட், எட்டரை வரைக்கும் நின்னா ஒன்றரை ஷிப்ட். ஒரு ஷிப்டோட எந்திரிச்சு வந்தா வாடகையும் கட்ட முடியாது, சீட்டும் கட்ட முடியாது, அதனால எங்க லைன் வீட்டுல எல்லாருக்கும் ஒன்றரைதான். என் சின்னப் பையன் போற அங்கன்வாடி மூணரைக்கு முடிஞ்சுருது.

நடுவுல இருக்கற அஞ்சு மணி நேரம் பிள்ளைய யார் பாக்கறான்னு ஒருத்தரும் கேக்கலீங்க. அவங்கப்பா சாயம் போடற டையிங்ல இருக்காரு, வர்ற நேரம் சொல்ல முடியாது. என் மகதான் பாக்கறா. அஞ்சாவது படிக்கறா. ஸ்கூல் நாலு மணி தாண்டித்தான் விடும், தம்பிய கூப்பிட ஆள் இல்லைன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டு தினமும் கடைசி பீரியட்ல பைய எடுத்துட்டு ஓடிருவா. போன வாரம் ஸ்கூல்ல என்னயக் கூப்பிட்டாங்க. வாரத்துல மூணு நாள் அந்தக் கடைசி பீரியட்தான் கணக்காம். பிள்ளைக்கு வகுத்தல் வரல, பின்னம் நடத்துனதே தெரியல. டீச்சர் திட்டலீங்க, "நீங்களும் என்ன பண்ணுவீங்க"ன்னு மெதுவா சொன்னாங்க, அதத்தான் என்னால தாங்க முடியல. எங்கம்மா காட்டு வேலைக்குப் போனப்ப தம்பிய இடுப்புல வெச்சுட்டு நானும் இப்படித்தான் ஸ்கூல விட்டு நின்னேன்.

கம்பெனில கேளுன்னு சொல்லுவீங்க. 1948 தொழிற்சாலைகள் சட்டத்துல 30 பொம்பளைங்களுக்கு மேல வேலை செஞ்சா 6 வயசுக்குள்ள இருக்கற பிள்ளைகளுக்குக் காப்பகம் வெக்கணும்னு இருந்துச்சு, 2017ல மகப்பேறு சட்டத்தத் திருத்துனப்ப 50 பேர் வேலை செய்யற எடத்துலயும் வேணும்னாங்க. எங்க ஷெட்டுல மொத்தமே 19 பேருங்க. நிட்டிங் ஒரு எடம், சாயம் ஒரு எடம், தையல் ஒரு எடம்னு ஜாப் ஒர்க்குல ஓடற ஊர்ல எங்கள மாதிரி பவர்டேபிளுக எந்தக் கணக்குலயும் வராது. எங்க ஓனரே வாடகை ஷெட்டுல இருக்காரு, அவரு எங்க போய் ரூம் கட்டுவாரு. மத்திய அரசோட பால்னா காப்பகம் இருக்குதும்பாங்க, அதுவும் ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரந்தான், எங்க ஒரு ஷிப்டுக்கே பத்தாது. அதனாலதான் உங்ககிட்ட வந்து நிக்கறோம். ஒம்பது மணி வரைக்கும் அங்கன்வாடி வேணும்.

2021ல இருந்து டவுன் பஸ்ல காசில்லாம போறேன், 2023ல இருந்து உரிமைத் தொகை மாசம் 1000 ரூபா வருது, ரெண்டும் பெரிய ஒத்தாசைங்க. ஆனா வேலைக்குப் போக பஸ் குடுத்தீங்க, பிள்ளைய எங்க விட்டுட்டு பஸ் ஏறறதுன்னு யோசிக்கலியே. இந்தியாவுல பேக்டரி வேலைக்குப் போற பொம்பளைங்கள்ல 100க்கு 40 பேருக்கு மேல தமிழ்நாட்டுலதான்னு மேடைக்கு மேடை பெருமையா சொல்றாங்க, அந்தப் பெருமைக்கு ராத்திரி எட்டரை வரைக்கும் வீட்டுல காவல் இருக்கறது பத்து வயசுப் பொம்பளப் பிள்ளைங்க. உள்ளாட்சில பாதி சீட்டு பொம்பளைங்களுக்குன்னு ஆக்குனாங்க, எங்க ஏரியாவுக்கு ஓட்டுக் கேட்டு வந்த அக்காமாருல ஒருத்தர் கூட இதப் பத்திப் பேசல. கோவமா எழுதக் கூடாதுன்னுதான் ஆரம்பிச்சேன், மன்னிச்சுக்கோங்க.

வார்டுக்கு ஒரு அங்கன்வாடியாவது ஒம்பது மணி வரைக்கும் தொறந்திருக்கணும். எட்டரைக்கு மிஷின விட்டு எந்திரிச்சு நடந்து வர அரை மணி நேரம் ஆகுமுங்க, அதுக்குத்தான் ஒம்பது. இப்ப இருக்கற டீச்சரம்மா தலைல அத ஏத்தாதீங்க, அவங்களுக்கும் வீட்டுல பிள்ளைக இருக்கு. பொழுதோட பாக்க வேற ஆள் போட்டு ஒழுங்கா சம்பளம் குடுங்க. ஒடிசா, பீகார்ல இருந்து வந்து எங்க பக்கத்து மிஷின்ல உக்காந்திருக்கற பொம்பளைங்களுக்கு இங்க அப்பத்தாவும் இல்ல அம்மிச்சியும் இல்ல, அவங்க பிள்ளைகளையும் ரேஷன் கார்டு கேக்காம சேத்துக்கணும்.

வர்ற ஜூன்ல என் மக ஆறாவது போறா. அந்த ஸ்கூல் பஸ் ஏறிப் போற தூரமுங்க, கடைசி பீரியட்ல கெளம்புனாலும் மூணரைக்கு தம்பியக் கூப்பிட வந்து சேர முடியாது. தயவு பண்ணி அதுக்கு முன்னாடி எங்க பக்கம் ஒரு அங்கன்வாடியவாவது ஒம்பது மணி வரைக்கும் தொறந்து வெய்ங்க.

இப்படிக்கு,
ஒரு பவர்டேபிள் தொழிலாளி, திருப்பூர்