வண்ணக்கரின் குடி

அன்புள்ள மச்சான்,

உன் கையெழுத்துப் பிரதி பத்திரமாக வந்து சேர்ந்தது. கச்சான் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. விறாந்தையில் இருந்து, தாளுக்கு மேலே சிரட்டையைக் கவிழ்த்து வைத்துத்தான் வாசித்து முடித்தேன். மூத்தவளுக்கு மகன் பிறந்திருக்கிறான். நானும் அம்மப்பா ஆகிவிட்டேன். அந்தக் கதை நேரில்.

உண்மையான ஆட்களைச் சொந்தப் பெயரோடு நாவலில் விட்டால் வழக்கு வருமா என்று கேட்டிருந்தாய்.

ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்ட்டை நீ என்ன பாடு படுத்தினாலும் பயமில்லை. 1638 மே மாதம் மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த மனுசன். இங்கே இலங்கையில் மானநஷ்ட வழக்கு நடப்பது உரோமன் டச்சுச் சட்டப்படி. அதில் நற்பெயர் ஆளோடேயே போய்விடும், செத்தவருக்காக யாரும் வழக்கு வைக்க ஏலாது. அவருடைய ஆட்கள் விட்டுப்போன சட்டமே அவரைக் கைவிடுகிறது, பார்த்தாயா! தண்டனைச் சட்டக்கோவையில் இருந்த அவதூறுக் குற்றமும் 2002 இல் நீக்கப்பட்டுவிட்டது.

விபுலானந்த அடிகள் வரும் அத்தியாயத்திலும் சிக்கலில்லை. பதிப்புரிமை எழுதியவர் இறந்து 70 வருஷம் வரைதான். அடிகள் காலமானது 1947 இல். அவருடைய வரிகளைத் தாராளமாக எடுத்து ஆளலாம். ஆனால் அவர் சொல்லாததை மேற்கோள் குறிக்குள் வைக்காதே. சட்டம் சும்மா இருக்கும், அவர் பிறந்த காரைதீவு சும்மா இராது.

என்னை நித்திரை கொள்ள விடாதது பதினாலாம் அத்தியாயம். கோயிலை நிர்வகித்த அந்த 1950களின் வண்ணக்கர் செத்துப்போனவர்தான். ஆனால் தன் குலத்தை மாற்றிப் பொய்க்குடி சொல்லிப் பதவிக்கு வந்தவர் என்று, கோயில் பெயரையும் போட்டு எழுதியிருக்கிறாயே! குடி தாய் வழியில் வருவது என்று உனக்கு நான் சொல்லவேண்டுமா? அவருடைய சொந்த மகனுக்கு இதில் ஒரு கீறலும் இல்லை, அவன் தாயின் குடி. ஆனால் தமக்கையின் மகள் வயிற்றுப் பிள்ளை இன்றைக்கு அதே கோயிலில் வண்ணக்கராக நிற்கிறான். செத்தவரின் குடி பொய்யென்றால் அவன் குடியும் பொய், அவன் கட்டும் பரிவட்டமும் பொய். நீ எழுதியது செத்தவரைப் பற்றி. அடி விழுவது உயிரோடிருப்பவனுக்கு. 'இது என்னைத்தான் குறிக்கிறது' என்று காட்ட முடிந்தால் அவன் நட்டஈடு கேட்டு வழக்கு வைக்கலாம். கோயிலும் குடியும் பெயரோடு இருக்கும்போது முதல் பக்கத்தில் 'யாவும் கற்பனையே' என்று போடுவது ஓட்டைக் குடை.

அதோடு, சென்னையில் அச்சடிக்கப் போகிறாயாமே. அங்கே செத்தவரை அவதூறு செய்வதும் குற்றமாகலாம், நெருங்கிய உறவினரின் மனதை நோகடிக்கும் நோக்கம் இருந்தால். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499 ஆம் பிரிவில் இருந்தது, இப்போது புதுச் சட்டத்தின் 356 ஆம் பிரிவு. இரண்டு வருஷம் வரை சிறை.

ஆகவே கோயிலைத் தூக்கி, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் நீயாக உண்டாக்கும் ஒரு ஊரில் வை. குடியின் பெயரை மாற்று. ஆளின் தோற்றத்தையும் மாற்று. அந்த வலது கால் நொண்டலை ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவர் இடுப்பிலிருந்து திறப்புக் கோர்வையைக் கழற்றி, சத்தம் கேளாமல் வேட்டித் தலைப்பில் சுற்றி விளக்கடியில் வைக்கும் இடத்தை மட்டும் தொடாதே. அதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

பேரனைப் பார்க்க வரும்போது திருத்தின பதினாலாம் அத்தியாயத்தையும் கொண்டு வா. கல்லடிப் பாலத்தடியில் மீன் வாங்கிச் சமைக்கச் சொல்கிறேன்.

உன் பழைய கூட்டாளி