18 மெகாஹெர்ட்ஸில் எரிந்த சோக்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து 12 நாள் ஆயிற்று. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? ரெசிஸ்டரின் பழுப்புப் பட்டையும் சிவப்புப் பட்டையும் மறுபடி தனித்தனியாகத் தெரிகின்றன என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். சொட்டு மருந்தை மட்டும் விடாமல் போட்டுக்கொள். ஒரு மாதத்துக்குக் குனிந்து கனமான டிரான்ஸ்பார்மர் எதையும் தூக்காதே.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். 811ஏ வால்வு ஜோடி வைத்து, ஹாம் ரேடியோ டிரான்ஸ்மிட்டரின் பவரைக் கூட்டும் லீனியர் ஒன்று கட்டப் போகிறேன், 87இல் நம் 813 வால்வு லீனியருக்குப் பிளேட் சோக் சுற்றினோமே, டி.சி.யை வால்வின் பிளேட்டுக்கு விட்டு ரேடியோ அலையைத் தடுக்கும் அந்தக் கம்பிச் சுருள், எத்தனை சுற்று, ஞாபகம் இருக்கிறதா என்று. நன்றாக ஞாபகம் இருக்கிறது. 148 சுற்று. ஆனால் தயவுசெய்து அந்த எண்ணை வைத்துச் சுற்றிவிடாதே. அந்தச் சோக் போன மாதம் எரிந்துபோய்விட்டது. பதில் தாமதமானதும் அதனால்தான். புதிது சுற்றி, பெட்டியில் வைத்து, சோதித்து முடித்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். சூரியப் புள்ளிகள் நன்றாக இருக்கிற நாட்கள் இவை. 17 மீட்டர், அதாவது 18 மெகாஹெர்ட்ஸ் பேண்ட், சாயங்காலத்தில் அருமையாகத் திறக்கிறது. நம் லீனியரில் அந்த பேண்ட் கிடையாது இல்லையா? வால்வை ஆன்டெனாவோடு பொருத்தும் பை நெட்வொர்க் காயிலின் இடையிலிருந்து ஒரு இணைப்பு (டாப்) கூடுதலாக எடுத்து, ஸ்விட்சில் காலியாகக் கிடந்த இடத்தில் சேர்த்தேன். ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் டம்மி லோடில் டியூன் பண்ணும்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. கணக்குப்படி நிற்க வேண்டிய இடத்தில் டியூன் கண்டன்சர் நிற்கவில்லை, பவரும் குறைவு. டாப் ஒரு சுற்று தள்ளிப் போயிருக்கும் என்று நினைத்துத் தொடர்ந்தேன். மோர்ஸில் இரண்டு முறை சி.க்யூ. (பொது அழைப்பு) அனுப்பியிருப்பேன், எனாமல் கருகும் வாசனை வந்தது. பிளேட் மீட்டர் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது, கிரிட் மீட்டர் முள் கடைசி வரைக்கும் போய் இடித்தது. பிளேட்டுக்கு எச்.டி., அதாவது உயர் வோல்டேஜ், போகவில்லை என்று அர்த்தம். உடனே அணைத்தேன். வால்வுகள் இரண்டும் பிழைத்துவிட்டன.

இதற்கு அடுத்து நடந்ததை நீ கவனமாகப் படிக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்தேன். மூடியைக் கழற்றி, எர்த் பண்ணின குச்சியை 813இன் தலையில் இருக்கும் பிளேட் கேப்பில் வைத்தேன். பொறி எதுவும் இல்லை. சரி, எச்.டி. இறங்கிவிட்டது என்று கையை உள்ளே விட்டிருப்பேன். ஆனால் நமக்கு மோர்ஸ் சொல்லிக்கொடுத்த வாத்தியார் ‘பவர் சப்ளை பக்கமும் தொட்டுப் பார்’ என்று அந்தக் காலத்தில் அடித்துச் சொன்ன பழக்கம், கை தானாகவே குச்சியை ஃபில்டர் கண்டன்சரின் முனைக்குக் கொண்டுபோனது. டப் என்று வெடித்த சத்தத்தில் அடுக்களையிலிருந்து ஓடி வந்துவிட்டார்கள். கண்டன்சரின் சார்ஜை இறக்கிவிடும் பிளீடர் ரெசிஸ்டர் ஒன்று எப்போதோ உள்ளே அறுந்துபோயிருக்கிறது, 2000 வோல்ட்டில் பெரும்பகுதி அப்படியே நின்றிருக்கிறது. சோக் நடுவில் அறுந்துவிட்டால் பிளேட் தனியாகிவிடும், சப்ளை தனியாகிவிடும். பிளேட்டை எத்தனை முறை தொட்டாலும் அது சப்ளையைப் பற்றி எதுவும் சொல்லாது. இப்போது இரண்டு பிளீடர் வரிசை போட்டிருக்கிறேன், ஒன்று போனாலும் மற்றது இறக்கிவிடும்.

எரிந்த சோக்கை மேஜையில் வைத்துப் பார்த்தேன். நீ கொண்டுவந்த அந்தப் பீங்கான் குழாய்தான், பழைய வயர்வுண்ட் ரெசிஸ்டரிலிருந்து கழற்றியது. மேலும் கீழும் கம்பி இன்றைக்குச் சுற்றியது போலப் பளபளவென்று இருக்கிறது. சரியாக நடுவில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு வளையம். அதில் மூன்று சுற்று உருகி உருண்டைகளாக ஒட்டியிருக்கின்றன, பீங்கானில் முடி போல ஒரு விரிசல். அந்தப் பட்டையைப் பார்த்ததுமே காரணம் பாதி புரிந்துவிட்டது. வெறும் அதிக கரண்டால் போயிருந்தால் இப்படி நடுவில் மட்டும் போயிருக்காது.

சோக் என்பது இண்டக்டன்ஸ் மட்டும் என்று நினைத்துத்தானே நாம் கணக்குப் போடுகிறோம்? ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கத்துச் சுற்றோடும், சேஸிஸோடும் கொஞ்சம் கெப்பாசிட்டன்ஸ் இருக்கிறது. அலைவெண் ஏற ஏற அது சுருட்டி வைத்த டிரான்ஸ்மிஷன் லைன் மாதிரி நடந்துகொள்ளும். முதலில் ஒரு இடத்தில் இம்பீடன்ஸ், அதாவது அலைக்குக் காட்டும் தடை, மலை போல உயரும், அது நமக்கு நல்லது. அதைத் தாண்டிப் போனால் சீரீஸ் ரெசொனன்ஸ். அங்கே சோக் கிட்டத்தட்ட ஷார்ட் ஆகிவிடும். அந்த அலைவெண்ணுக்கு அருகில் டியூன் கண்டன்சரைத் திருப்பி எப்படியோ டியூன் பண்ணிவிட முடிகிறது, ஆனால் பல ஆம்பியர் கரண்ட் சோக்குக்குள் ஓடும், அதன் நடுவில் வோல்டேஜ் பல மடங்கு எகிறும். நம் கறுப்பு வளையம் அப்படி வந்ததுதான். உருகிய சுற்றுகளை வெட்டி, முனைகளைச் சேர்த்து ஒட்டி, எந்த அலைவெண்ணில் இம்பீடன்ஸ் எவ்வளவு என்று வரைந்து காட்டும் நானோ வி.என்.ஏ. கருவியில் பார்த்தேன். சீரீஸ் ரெசொனன்ஸின் குழி 18.3 மெகாஹெர்ட்ஸில் விழுந்தது. மூன்று சுற்று குறைந்த பிறகே 18.3 என்றால், முழுசாக இருந்தபோது 17 மீட்டர் பேண்டை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது.

87இல் நாம் தப்பு செய்யவில்லை நண்பா. ரெசொனன்ஸைக் காட்டும் கிரிட் டிப் மீட்டரை வைத்து 3.5, 7, 14, 21, 28 மெகாஹெர்ட்ஸ் எல்லாவற்றையும் பார்த்தோம், ஐந்திலும் சுத்தமாக இருந்தது. 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகள் 1979 ஜெனீவா மாநாட்டிலேயே அமெச்சூர்களுக்கு ஒதுக்கப்பட்டவைதான், ஆனால் நம் பெட்டியில் அவை இல்லாததால் அங்கே பார்க்கவே இல்லை. இத்தனை வருஷம் கழித்து காயிலில் டாப் எடுத்தவன் சோக்கையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். பழைய பத்திரிகைகளில் வந்த சோக் டிசைன்களை அப்படியே எடுக்கும்போதும் இதே கதைதான். அவற்றில் பல ஐந்து பேண்டுகளை மனதில் வைத்துச் செய்தவை.

சரி, புதிய சோக். குறைந்த பேண்டில் இண்டக்டன்ஸ் நிறைய வேண்டும், மேல் பேண்டுகளில் சுற்று குறைவாக இருந்தால்தான் ரெசொனன்ஸ் உயரத்தில் நிற்கும். இரண்டும் எதிரெதிராக இழுக்கும். 80 முதல் 10 மீட்டர் வரை (3.5 முதல் 28 மெகாஹெர்ட்ஸ்) ஒரே சோக்கில் ரெசொனன்ஸே இல்லாமல் செய்வது ரொம்பக் கஷ்டம். அதனால் அதை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் கேள்வி. 18.168 மெகாஹெர்ட்ஸுக்கும் 21க்கும் நடுவில் நம் பேண்ட் எதுவும் இல்லாத ஒரு காலியிடம், 21.45க்கும் 24.89க்கும் நடுவில் இன்னொன்று. 80 மீட்டர் எனக்கு முக்கியம், சுற்று அதிகம் வைக்கலாம் என்பதால் முதல் இடத்தை எடுத்தேன். குறி 19.5.

டெஃப்லான் ராடு கிடைப்பது கோயம்புத்தூரில் பெரிய விஷயம் இல்லை, பம்ப் சீல் கடைகிறவர்கள் வாங்கும் கடையில் 25 மில்லிமீட்டரில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார்கள். கம்பி 25 கேஜ், மோட்டார் ரீவைண்டிங் கடையில். காயிலின் இண்டக்டன்ஸைக் கணக்கிடும் வீலர் சூத்திரத்தில் போட்டால் 135 சுற்றுக்குச் சுமார் 130 மைக்ரோஹென்றி வந்தது.

மொட்டை மாடியில் சுற்றினேன். டாங்க் குழாயில் கம்பியின் ஒரு முனையைக் கட்டி, 12 மீட்டர் தூரம் நீட்டி, மெதுவாக ஒரு இழுப்பு இழுத்தால் சுருக்கமெல்லாம் போய்க் கம்பி நேராகிவிடுகிறது. மறுமுனையை ராடில் போட்ட துளையில் மாட்டி, இரண்டு கையாலும் உருட்டிக்கொண்டே குழாயை நோக்கி ஒவ்வொரு அடியாக நடக்க வேண்டும். டெஃப்லான் வழுக்கும், பிடி ஒரு நொடி தளர்ந்தால் பத்துச் சுற்று விரிந்துவிடும். பேத்தி பக்கத்திலேயே நடந்து பத்துப் பத்தாக எண்ணி, ஒவ்வொரு பத்துக்கும் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டாள். பதின்மூன்று கோடும் ஐந்து சுற்றும். வார்னிஷ் எதுவும் பூசவில்லை. பூசினால் கெப்பாசிட்டன்ஸ் ஏறும், சூடும் ஏறும்.

மேஜையில் வைத்து அளந்தால் ரெசொனன்ஸ் 19.2. அழகாக வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பெட்டிக்குள் பொருத்தி, வால்வு கேப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மேல்முனைக்கும் சேஸிஸுக்கும் நடுவில் அளந்தால் 18.4! சுற்றிலும் அலுமினியம் வந்ததும் கெப்பாசிட்டன்ஸ் கூடிக் கீழே இழுத்துவிட்டது. மேஜையில் எடுத்த அளவை நம்பி மூடியிருந்தால் இதுவும் அதே வழியில் போயிருக்கும். சுற்று சுற்றாக அவிழ்த்து, ஒவ்வொரு முறையும் மூடியை வைத்து அளந்து, 128 சுற்றில் 19.4க்குக் கொண்டுவந்தேன். அடுத்த ரெசொனன்ஸ் 30க்கு மேலே போய்விட்டது, 10 மீட்டருக்கும் தொந்தரவு இல்லை.

128 சுற்றுக்கு 123 மைக்ரோஹென்றி வருகிறது. 3.5 மெகாஹெர்ட்ஸில் ரியாக்டன்ஸ் சுமார் 2700 ஓம். பிளேட் லோடு 3600 ஓம் இருக்க, சோக் அதைவிடப் பல மடங்கு வேண்டும் என்ற பழைய விதிப்படி இது போதாது என்று நீ சொல்வாய். ஆனால் சோக்கின் ரியாக்டன்ஸ் டியூன் கண்டன்சருக்கு இணையாகத்தானே விழுகிறது? 17 பிகோஃபாரட் கூட வைத்தால் சமமாகிவிடும். கவனிக்க வேண்டியது கரண்டைத்தான். 80 மீட்டரில் அரை ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக ஆர்.எஃப். (ரேடியோ அலைவெண்) கரண்ட் சோக்கில் ஓடுகிறது, 350 மில்லியாம்ப் டி.சி.யையும் மிஞ்சி. அந்தக் கரண்ட் முழுவதும் அடியிலுள்ள பைபாஸ் கண்டன்சர் வழியாகத்தான் சேஸிஸுக்கு இறங்கும். ஒரே ஒரு சின்ன டிஸ்க் கண்டன்சர் போட்டு நம்பாதே.

டம்மி லோடில் ஒவ்வொரு பேண்டிலும் ஒரு நிமிஷம் கீயை அழுத்திப் பிடித்தேன். பிறகு அணைத்து, இரண்டு பக்கமும் எர்த் பண்ணி, விரலால் தொட்டுப் பார்த்தேன். மற்ற பேண்டுகளில் வெதுவெதுப்புக்கூட இல்லை. 18லும் 21லும் நன்றாகவே சூடு தெரிகிறது, ரெசொனன்ஸின் இரு கரையிலும் இருப்பதால். கை பொறுக்கும் சூடுதான். இருந்தாலும் வைண்டிங்கை இரண்டு பாகமாகப் பிரித்து நடுவில் இடைவெளி விட்டால் இந்தச் சூடு குறைகிறதா என்று அடுத்து பார்க்கப் போகிறேன்.

உன் 811ஏக்கு இதையே அடிப்படையாக எடுத்துக்கொள், 1500 வோல்ட்டில் லோடு 3000 ஓம் பக்கம் வரும். ஆனால் சுற்றை உன் பெட்டிதான் முடிவு செய்ய வேண்டும். முதலில் பத்துச் சுற்று கூடுதலாகப் போட்டுப் பிறகு அவிழ்த்து வா. 160 மீட்டரும் வேண்டும் என்கிறாயே, அங்கே என் சோக்கின் ரியாக்டன்ஸ் 1400 ஓம்தான். அடிப்பக்கத்தில் இரண்டாவது சோக் ஒன்றைத் தொடராக வைத்து, மற்ற பேண்டுகளில் நடுச் சந்திப்பை பைபாஸ் பண்ணும்படி ரிலே வைக்கலாம். அப்புறம், ஆன்டெனா சாக்கெட்டிலிருந்து சேஸிஸுக்கு 2.5 மில்லிஹென்றி பாதுகாப்பு சோக்கை மறந்துவிடாதே. பிளேட்டுக்கும் பை நெட்வொர்க்குக்கும் நடுவிலுள்ள பிளாக்கிங் கண்டன்சர் ஷார்ட் ஆனால் எச்.டி. உன் ஆன்டெனாவில் நிற்காமல் ஃபியூஸை ஊதும். டெஃப்லானில் போடும் ஸ்குரூ நாளாக ஆக தானாகத் தளரும், ஸ்பிரிங் வாஷர் போட்டு ஒரு மாதம் கழித்து மறுபடி இறுக்கு.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். பேத்தி எண்ணிய கோடுகள் மாடிச் சுவரில் அப்படியே இருக்கின்றன, அழிக்க விடமாட்டேன் என்கிறாள். மோர்ஸில் ‘கே’ வரைக்கும் வந்துவிட்டாள். 25 கேஜ் கம்பி சுருளில் நிறைய மீதி இருக்கிறது, உனக்கு 20 மீட்டர் சுற்றிப் பார்சலில் அனுப்புகிறேன், ராடிலும் ஒரு துண்டு. டாக்டர் கண்ணுக்கு அனுமதி கொடுத்த பிறகு ஆரம்பி. ஞாயிறு காலை ஏழு மணிக்கு 40 மீட்டரில் வழக்கமான இடத்தில் இருப்பேன். அன்றைக்கு லீனியரை வைத்துத்தான் கூப்பிடுவேன், சிக்னல் எப்படி இருக்கிறது என்று சொல்.

73 (நம் ஹாம் வாழ்த்து),
உன் அன்பு நண்பன்