கதிருக்கு அம்மா எழுதுவது

ஸ்ரீவில்லிபுத்தூர்
மாசி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள கதிர்,

வாட்ஸ்அப்பில் நான் எதை அனுப்பினாலும் உன்னிடமிருந்து கட்டைவிரல் பொம்மைதான் வருகிறது. அதனால் காகிதத்தில் எழுதி கூரியரில் போடுகிறேன். இதற்குக் கட்டைவிரல் காட்ட முடியாது, கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் ஆக வேண்டும்.

இங்கே எல்லோரும் நலம். மேலவீட்டு ஆச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பின்கட்டுக் குழாயை மாற்றியாயிற்று. சித்தப்பா வழக்கம்போலத்தான். அதெல்லாம் இருக்கட்டும். நீ சாப்பிடுகிறாயா? ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தாலும் உனக்குத் தூக்கம் வருவதில்லை என்று கோபி அகிலாவிடம் சொன்னானாம். உன்னைக் கேட்டால் "நல்லா இருக்கேன்மா" என்கிறாய். முப்பது வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து "நல்லா இருக்கேன்"களைக் கேட்டவள் நான். எது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா?

ஜனங்கள் இன்டர்நெட்டில் ஏற்றுகிற படங்களையும் வீடியோக்களையும் பார்த்து, குழந்தைகளைச் சீரழிப்பவற்றைக் குறித்து ரிப்போர்ட் செய்கிற உன் வேலையைப் பற்றிக் கேட்கக் கூடாது, கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்றாய். சரி, கேட்கவில்லை. இது எனக்குப் புதிதும் இல்லை. பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்கில் பிள்ளையின் பெயர், தெரு, பள்ளிக்கூடம் எதுவும் வெளியே போகக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டம் 2012-ல் வருவதற்கு முன்பும் நான் வீட்டில் எந்தக் கேஸையும் பேசியதில்லை, அப்பாவும் கேட்டதில்லை. ஆனால் கேஸைத்தான் பேசவில்லையே தவிர, குழம்பில் உப்பில்லை என்றால் சண்டை போட்டிருக்கிறேன், சீரியலைத் திட்டியிருக்கிறேன், உன் கணக்கு மார்க்குக்காகக் கத்தியிருக்கிறேன். நீ எதையுமே பேசுவதில்லை. ஒன்றைச் சொல்லக் கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் பூட்டி வைக்க வேண்டும் என்று எந்தக் கம்பெனியும் எழுதி வாங்கவில்லை.

சேர்ந்த புதிதில் ஒரு தடவை சொன்னாய்: "நான் ரிப்போர்ட் பண்றது எங்க போகுதுன்னே தெரியலம்மா. கிணத்துல கல்லப் போடற மாதிரி இருக்கு, சத்தம்கூட வராது." அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன், நீதான் பேச்சை மாற்றிவிட்டாய். அந்தக் கிணற்றின் அடியில் உட்கார்ந்திருந்தவள் நான்தான். அங்கே சத்தம் கேட்கும். கேட்டிருக்கிறேன்.

அமெரிக்கக் கம்பெனி எதுவானாலும், குழந்தைகளை இப்படிச் சீரழிக்கும் படமோ வீடியோவோ கண்ணில் பட்டால் அங்குள்ள குழந்தைகள் பாதுகாப்பு மையமான என்.சி.எம்.இ.சி.-க்கு ரிப்போர்ட் செய்தாக வேண்டும் என்று அந்த நாட்டுச் சட்டம் சொல்கிறது. இதற்கான சைபர் டிப்லைன் என்கிற புகார் வசதியை அவர்கள் 1998-லேயே தொடங்கிவிட்டார்கள். 2023-ல் மட்டும் உலகம் முழுக்க இருந்து அதற்கு 3.6 கோடிக்கு மேல் ரிப்போர்ட் வந்தது. நம் நாட்டோடு சம்பந்தப்பட்டவை டெல்லியில் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்துக்கு வரும், 2019-ல் போட்ட ஒப்பந்தம் அது. அங்கிருந்து சென்னை, சென்னையிலிருந்து எஸ்.பி. ஆபீஸ், எஸ்.பி. ஆபீஸிலிருந்து எங்கள் மகளிர் ஸ்டேஷன். கடைசியில் எங்கள் ரைட்டர் ஒரு கவரை மேஜையில் வைத்துவிட்டு "அம்மா, அமெரிக்காக் கடுதாசி வந்திருக்கு" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். பிரித்த பிறகு யாரும் சிரித்ததில்லை.

உள்ளே என்ன இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஐ.பி. முகவரி, ஒரு மெயில் ஐ.டி., சில சமயம் போன் நம்பர், ஏற்றிய நேரம். அந்த நேரம் யூ.டி.சி. என்கிற உலகப் பொது நேரக் கணக்கில் இருக்கும். ஐந்தரை மணி நேரம் கூட்டாமல் செல்போன் கம்பெனிக்கு எழுதினால் வேறு யாரோ ஒருவன் பெயர் வரும். ஒரே ஐ.பி.யைப் பல பேருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள் என்பதால் அதில் எந்த இணைப்பு என்று காட்டும் போர்ட் நம்பரும் வேண்டும். இது தெரியாமல் போய்க் கதவைத் தட்டினால் சம்பந்தமில்லாத குடும்பம் தெருவில் தலைகாட்ட முடியாது. ஆள் சரிதான் என்று தெரிந்த பிறகு போனைக் கைப்பற்றி, மகஜர் எழுதி, லேபுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதில் போகிற மாதங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் போகும். போய்ச் சேரும். எங்கோ ஒரு மேஜையில் உன்னை மாதிரி ஒருவன் "இது குழந்தை" என்று குறித்து அனுப்பாவிட்டால் அந்தக் கவரே இல்லை.

தெரிந்த படத்தை மிஷினே பிடித்துவிடும், படத்துக்குக் கைரேகை மாதிரி ஹாஷ் என்று ஒரு எண் இருக்கிறது என்று நீதான் விளக்கினாய். 2009-ல் மைக்ரோசாஃப்ட்காரர்களும் ஒரு பேராசிரியரும் சேர்ந்து செய்தது என்றும் சொன்னாய். புதிதாக வருகிற படத்துக்குத்தான் மனுஷக் கண் வேண்டும் என்றாய். புதியது என்றால் அந்தப் பிள்ளை இன்னும் அதே வீட்டில், அதே ஆளோடு இருக்கலாம் என்று அர்த்தம். இன்டர்போல் வைத்திருக்கும் இப்படிப்பட்ட படங்களின் தொகுப்பில் 2022-ல் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. பின்னால் தெரிகிற சுவிட்ச் போர்டு, போர்வை, சுவரின் சுண்ணாம்பு, இவற்றை வைத்தே எந்த ஊர் என்று தேடிப் பிள்ளையை மீட்கிறார்கள். ஐரோப்பாவில் யூரோபோல் அந்தப் பொருளை மட்டும் வெட்டியெடுத்து, இது எங்கே விற்கிறது, யாருக்காவது தெரியுமா என்று ஜனங்களிடமே கேட்கிறது. எத்தனை பேருக்கு இப்படிப்பட்ட வேலை வாய்க்கும், சொல். கல்யாண வீட்டில் "பையன் என்ன பண்றான்" என்று கேட்டால் "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். சொல்ல முடிந்தால் மைக் வைத்துச் சொல்வேன்.

சொல்லிக்கொண்டே இருக்கிறேனே, தூங்கு. ஷிஃப்ட் முடிந்ததும் போனைத் தூரவைத்துவிட்டுத் தூங்கு.

2019 டிசம்பரில் இந்த மாதிரிப் படங்களுக்காகத் திருச்சியில் ஒருவனைப் பிடித்தார்களே, நீ அப்போது காலேஜில் இருந்தாய். பார்த்தவர்கள் லிஸ்ட் வந்துவிட்டது, போலீஸ் வீடு வீடாக வரப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் அதே பேச்சு. பஸ்ஸில், டீக்கடையில் எல்லாம் கேலி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லோரும் பிடிபட்டவனைப் பற்றிப் பேசினார்கள், படத்தில் இருந்த பிள்ளை யார் என்று ஒருத்தர் கேட்கவில்லை.

அப்புறம் அந்த அம்பத்தூர் கேஸ். மகளிர் ஸ்டேஷனில் 2020-ல் போட்டது, இதே மாதிரிக் கவரில் வந்த தகவல்தான். 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், இப்படிப்பட்ட வீடியோவைத் தன் போனில் இறக்கித் தனியாகப் பார்த்தது மட்டும் குற்றமாகாது என்று வழக்கையே ரத்து செய்தது. அன்று ராத்திரி உனக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அதே வருஷம் செப்டம்பர் 23-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. அழிக்காமல், புகாரும் செய்யாமல், பிறருக்குக் கொடுக்கும் எண்ணத்தோடு வைத்திருந்தாலே போக்சோ 15-வது பிரிவில் குற்றம், அனுப்பியிருக்கத்தான் வேண்டும் என்பதில்லை என்றது. உன் மாதிரிக் கம்பெனிகளுக்கும் சேதி உண்டு. அமெரிக்காவுக்கு எழுதிப் போட்டதோடு கடமை முடியாது, போக்சோ சொல்கிறபடி இங்குள்ள போலீசுக்கும் தெரிவிக்க வேண்டும், இல்லையென்றால் பிறர் ஏற்றியதற்குக் கம்பெனி பொறுப்பில்லை என்கிற ஐ.டி. சட்டம் 79-வது பிரிவின் பாதுகாப்பைக் கேட்டு வரக் கூடாது. அன்றைக்கும் உனக்குப் போன் போட்டேன். கட்டைவிரல் வந்தது.

போன மாதம் ஒரு நாள் நடுராத்திரி கதவைத் தட்டினார்கள். யார் என்று எழுதமாட்டேன். பத்தாவது படிக்கிற பையன், விளையாட்டு ஆப்பில் ஒரு பெண் பெயரில் பழகிய எவனோ அவனுடைய அந்தரங்கப் படத்தை வாங்கியிருக்கிறான். அப்புறம் பணம் கேட்டு மிரட்டல். அப்பா பணத்தைக் கட்டிவிட்டு முடித்துவிடலாம் என்கிறார், பையன் தலை நிமிரவில்லை. ஒரு பைசா கொடுக்காதே, கொடுத்தால் நாளைக்கும் கேட்பான் என்றேன். சாட்டை அழிக்காதே, ஸ்கிரீன்ஷாட் எடு என்றேன். சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போட வைத்தேன், அரசு சைபர் குற்றப் போர்ட்டலிலும் புகார் ஏற்றினோம். "வெளியே தெரிஞ்சா மானம் போயிரும்" என்றார் அப்பா. தெரிந்தும் சொல்லாமல் மறைத்தால் பெரியவர்களுக்குத்தான் ஆறு மாதம் வரை உள்ளே, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று போக்சோ 21-வது பிரிவை எடுத்துச் சொன்னேன். யூனிஃபார்ம் போடாமல் வீட்டுக்கே வந்துதான் எழுதுவார்கள், ராத்திரியில் பிள்ளையை ஸ்டேஷனில் வைக்க மாட்டார்கள், கோர்ட்டில் மிரட்டியவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்றதும் பையன் முதல் தடவையாக என்னைப் பார்த்தான்.

அவன் கேட்ட ஒரே கேள்வி, "படம் போயிருமா பாட்டி?" அங்கேதான் நீ கை கொடுத்தாய். டேக் இட் டவுன் என்கிற, படத்தை நீக்க உதவும் சேவை பற்றி நீ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. பதினெட்டு வயதுக்குள் எடுத்த படம் என்றால் போதும், படம் போனை விட்டு வெளியே போகாது, அதன் எண் மட்டும்தான் போகும், அதை வைத்து இன்ஸ்டாகிராம் மாதிரி அதில் சேர்ந்திருக்கும் கம்பெனிகள் தங்கள் தளத்தில் தேடி எடுத்துவிடும். எல்லா இடத்திலிருந்தும் போய்விடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனாலும் அவன் தோள் இறங்கியதைப் பார்த்தேன். "என் மகன் இந்த வேலையில்தான் இருக்கிறான்" என்று வாய் வரை வந்தது, முழுங்கிவிட்டேன். பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். இதை உன்னிடம் சொல்லத்தான் அத்தனை தடவை போன் போட்டேன்.

இப்போது அகிலா விஷயம். அவள் கோபமாக இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். தன் பாப்பா குளிக்கிற படத்தை ஸ்டேட்டஸில் போட்டதற்கு நீ கத்தினாய். நீ சொன்னது சரி, நானே அப்புறம் அழிக்கச் சொன்னேன். அவளுடைய கோபம் அதற்கில்லை எய்யா. பொங்கலுக்கு வந்து இருந்த நாள் முழுக்க நீ பாப்பாவைத் தூக்கவே இல்லை. அது மாமா மாமா என்று காலைக் கட்டிக்கொண்டு வந்தது, நீ எழுந்து மாடிக்குப் போய்விட்டாய். மாமாவுக்கு என்னைப் பிடிக்கவில்லையா என்று கேட்டதாம். அகிலாவுக்கு என்ன தெரியும், நான் என்ன சொல்வேன்?

எனக்குத் தெரியும். அகிலா ஆறாவது படிக்கும்போது ஒரு கேஸ் பார்த்தேன். அதற்குப் பிறகு எந்த ஆம்பிளை எந்தப் பிள்ளையைத் தூக்கினாலும் என் கண் அவன் கையிலேயே இருக்கும். சித்தப்பா அவளைக் கடைக்குக் கூட்டிப்போகிறேன் என்றால் ஏதாவது காரணம் சொல்லித் தடுப்பேன். தங்கமான மனுஷன், அவருக்கு இன்றைக்கு வரை காரணம் தெரியாது. வருஷக் கணக்கில் ஆனது எனக்கு. அப்போது ஸ்டேஷனில் கவுன்சிலர் என்று யார் இருந்தார்கள்? டீ குடித்துவிட்டு அடுத்த கேஸை எடுப்போம். உனக்கு ஆபீஸிலேயே ஒரு ஆளை வைத்திருக்கிறார்கள் என்றாய். போகிறாயா? போகாமல் போனதாகக் கணக்கு எழுதுகிறாயா? அமெரிக்காவில் ஃபேஸ்புக்குக்காக இதே வேலை பார்த்தவர்கள் மனசு கெட்டுப்போனது என்று வழக்குப் போட்டு, 2020-ல் 5.2 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. உனக்கு மட்டும் வந்த கோழைத்தனம் இல்லை இது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, மங்கலாக்கி, சத்தத்தை நிறுத்திப் பார்க்க வசதி இருக்கிறதாமே, அதைப் பயன்படுத்து. வேகம் குறையும் என்று டீம் லீடர் முறைத்தால் முறைக்கட்டும். இந்தப் படங்கள் வருகிற வரிசையை விட்டு ஸ்பேம், போலிக் கணக்கு என்று வேறு வரிசைக்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கேள். வாயால் கேட்காதே, எழுத்தில் கேள், தேதி போட்டு.

கேட்டால் சம்பளம் குறையும், லோன் என்னாவது என்று யோசிப்பாய். அந்த லோனைச் சாக்காகச் சொல்லாதே. மாமா பேங்க்கில் பேசிவிட்டார், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தருவார்களாம். என் பென்ஷன் எதற்கு இருக்கிறது? உன் கையெழுத்து இரண்டு இடத்தில் வேண்டும், பாரத்தை இதோடு வைத்திருக்கிறேன், பென்சிலால் குறி போட்டிருக்கிறேன். தபாலில் திருப்பி அனுப்பாதே, நேரில் கொண்டு வா. சென்னை வரை எப்படியாவது வந்துவிடு, அங்கிருந்து பொதிகையில் ஏறினால் காலையில் வீடு. அகிலாவும் பாப்பாவும் அந்த வாரம் இங்கேதான் இருப்பார்கள். தூக்கு என்று யாரும் சொல்ல மாட்டோம்.

டிக்கெட் போட்டதும் எந்தத் தேதி என்று சொல். கட்டைவிரல் வேண்டாம்.

இப்படிக்கு,
அம்மா