கார்பன் கணக்கில் வெள்ளலூர் ஈ சேருமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்பன் சமநிலை நகரங்கள், அதாவது வெளியிடும் கரியமில வாயு போன்றவற்றைக் குறைத்து, மிச்சத்தை ஈடுகட்டிவிடும் நகரங்கள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2030-க்குள் அந்த நிலையை எட்டுவதற்காக ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் 112 நகரங்களைத் தேர்வு செய்தது, கோவை மாவட்டத்துக்கும் தமிழ்நாடு அரசு கார்பன் குறைப்புத் திட்டம் தயாரித்திருப்பது, எல்லாம் அதில் இருந்தது. சந்தோஷம். அந்த 112-ல் ரோம் நகரமும் உண்டு. எங்கள் வெள்ளலூர் மண்ணில் ரோமானியக் காசுகள் புதையலாகக் கிடைத்ததை வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். இன்றைக்குக் காந்திபுரத்தில் நின்று வெள்ளலூர் போக வேண்டும் என்றால், ஆட்டோக்காரர் "குப்பைக் கிடங்குப் பக்கமுங்களா?" என்றுதான் கேட்கிறார். கோவை மாநகரின் குப்பை வந்து சேரும் கிடங்கு எங்கள் ஊர்ப் பக்கம்தான் இருக்கிறது.

நான் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். ஆடிக் காற்று தொடங்கினால் என் தொழிலுக்குச் சோதனைக் காலம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கிடங்கின் நாற்றத்தை அள்ளிக்கொண்டு ஊருக்குள் வரும். கூடவே ஈ. கிரைண்டரைத் திறக்கும் முன் ஃபேனை அதன் மேல் திருப்பி வைக்க வேண்டும். மாவை வழித்து எடுக்கும் நேரத்துக்குள் நாலு ஈயாவது விளிம்பில் உட்கார்ந்துவிடும். அதனால் ஜன்னல், கதவு எல்லாம் சாத்திவிட்டு அந்த வெக்கையில்தான் அரைக்கிறேன். போர் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் வருகிறது, பாத்திரம் கழுவக்கூட மனசு வருவதில்லை. மாவுக்கு நல்ல தண்ணீரை கேனில் வாங்குகிறேன். அந்தக் காசை மாவு விலையில் ஏற்றினால் யாரும் வாங்க மாட்டார்கள், அதனால் என் கையிலிருந்துதான் போகிறது. 2024 ஏப்ரலில் கிடங்கு தீப்பிடித்துப் பல நாள் எரிந்ததே, அப்போது அரைத்த மாவில்கூடப் புகை வாடை. மொத்தத்தையும் கொட்டினேன்.

மாவு கொடுக்கக் கோவைக்குள்ளேயே இருக்கும் ராமநாதபுரம், சிங்காநல்லூர் பக்கம் சில அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் போவேன். மாடியில் சோலார், கீழே மின்சார ஸ்கூட்டருக்கு சார்ஜ் போடும் இடம், வாசலில் மக்கும் குப்பைக்கு ஒரு தொட்டி, மக்காததுக்கு ஒரு தொட்டி. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு நாள் காலையில் வண்டி வந்தபோது இரண்டு தொட்டியையும் ஒன்றாகவே கவிழ்த்ததைக் கண்ணால் பார்த்தேன். அப்புறம் அது எங்கே வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சமையலறை மிச்சம் பிளாஸ்டிக்கோடு கலந்து, காற்றுப் படாமல் குவியலுக்குள் புதைந்து கிடந்தால் மீத்தேன் உண்டாகிறது. கரியமில வாயுவைவிட அது நூறு வருடக் கணக்கில் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். நகரங்கள் கார்பன் கணக்குப் போடும் உலகப் பொதுமுறை ஒன்று இருக்கிறது. அதன்படி, நகரத்தின் குப்பையை எல்லைக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினாலும் அதன் வாயு நகரத்தின் கணக்கில்தான் எழுதப்படும். நியாயமான முறைதான். ஆனால் வாயு சேர்கிற அந்தக் கணக்கில் ஈ சேர்வதில்லை, என் கேன் தண்ணீர்ச் செலவும் சேர்வதில்லை. நாளைக்கே குவியலில் குழாய் இறக்கி வாயுவைப் பிடித்து எரித்தால் கணக்கில் எண் இறங்கிவிடும். புதுக் குப்பை லாரி மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருக்கும்.

மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டத்திலும் இதுதான் நடந்தது. 2016-ல் முதல் 20 நகரங்களில் ஒன்றாகக் கோவை தேர்வானது. பெரியகுளம், வாலாங்குளம் கரைகளில் நடைபாதையும் விளக்கும் வந்தன. பெரியகுளத்துத் தண்ணீரில் சோலார் பலகைகள்கூட மிதக்கின்றன. நானும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன், அழகுதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் குளக்கரைகளில் குடியிருந்தவர்களைக் கீரணத்தத்துக்கும் மலுமிச்சம்பட்டிக்கும் அனுப்பினார்கள். டவுனில் நடந்தே வீட்டு வேலைக்குப் போய்வந்த பெண்கள் இப்போது விடிகாலையில் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். டிக்கெட் இலவசம், சரி. போக வர ஆகும் நேரத்தை யார் தருவார்கள்?

எங்கள் ஊருக்கு இன்னொரு விசித்திரமும் உண்டு. வெள்ளலூர் தனிப் பேரூராட்சி. குப்பையை எங்கே கொட்டுவது என்று முடிவு செய்கிற கோவை மாநகராட்சி மாமன்றத்துக்கு நாங்கள் இத்தனை வருடம் ஓட்டுப் போட்டதே இல்லை. மாநகராட்சியோடு சேர்க்கும் அறிவிப்பு வந்ததே பின்னால்தான், குப்பை அதற்கு ரொம்ப முன்னாலேயே சேர்ந்துவிட்டது.

ஈரக்குப்பையை அந்தந்தப் பகுதியிலேயே உரமாக்கச் சின்னச் சின்னக் கூடங்கள் கட்ட முயன்றபோது பல இடங்களில் எதிர்ப்பு வந்தது. "ஏனுங்க, எங்க வீதியில வேண்டாமுங்க, நாத்தமடிக்கும்" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். யாருக்குத்தான் நாற்றம் பிடிக்கும்? ஆனால் ஒரு வார்டின் ஈரக்குப்பையைப் பிரித்து உடனுக்குடன் உரமாக்கினால் வருகிற வாடை எங்கே, ஊர்க் குப்பை முழுவதும் 650 ஏக்கர் கிடங்கில் கிடந்து அழுகுகிற நாற்றம் எங்கே. பணக்கார வார்டு, ஏழை வார்டு என்று பார்க்காமல் எல்லா இடத்திலும் கட்ட வேண்டும். முதல் கூடத்தை வசதியானவர்கள் இருக்கும் ரேஸ்கோர்ஸ் பக்கம் கட்டினால் பராமரிப்பும் ஒழுங்காக நடக்கும் என்பது என் அனுபவம்.

கேட்பது இவ்வளவுதான். கார்பன் திட்டத்தில் எத்தனை டன் குறைந்தது என்பதோடு, கிடங்குக்கு வரும் லாரி எத்தனை குறைந்தது, சுற்றியுள்ள போர் தண்ணீர் சோதனையில் என்ன வந்தது என்பதையும் மாதாமாதம் எழுதிப் பேரூராட்சி அலுவலகத்தில் தமிழில் ஒட்டுங்கள். திட்டத்தை இங்கே வந்து விளக்குங்கள். ஒரே ஒரு வேண்டுகோள், கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்காதீர்கள், அன்றைக்குத்தான் எனக்கு மாவு அதிகம் போகும். செவ்வாய், புதன் மத்தியானம் என்றால் எங்கள் வீதிப் பெண்கள் எல்லோரும் வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
மாவு வியாபாரம் செய்யும் வாசகி,
வெள்ளலூர், கோவை.