புதுசு எண்டு நீங்கள் வித்த நாலு டயர்ல ரெண்டு 2019ல செய்தது, மாத்தித் தாங்கோ

கொழும்பு 06
2025.10.12

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 13ம் திகதி சனிக்கிழமை காலமை உங்கட கடையில என்ர பழைய பஜெரோ ஜீப்புக்கு நாலு ஓல் டெரெய்ன் (தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான) டயர் வாங்கிப் பூட்டினனான், அளவு 265/70 ஆர் 16, ஒண்டு 78,500 ரூபா, நாலும் 314,000. பில்லின்ர கொப்பியும் வொறன்டி கார்டின்ர கொப்பியும் இதோட வைச்சிருக்கிறன். அந்த நாலில ரெண்டு டயர் 2019ல செய்தது. புது டயர் எண்டு சொல்லி, புது டயரின்ர விலையும் எடுத்து, ஆறு வருஷம் கிடந்த டயர் ரெண்டைப் பூட்டி அனுப்பியிருக்கிறீங்கள். போன்ல ரெண்டு தரம் கதைச்சும் சரிவரேல்ல, அதால எழுத்தில தாறன்.

இந்த டயர் எனக்கு என்னத்துக்கு எண்டதை முதல்ல சொல்லோணும், ஏனெண்டா போன்ல உங்கட ஆள் “கொழும்புக்குள்ள ஓடுறதுக்கு இது தாராளம் சேர்” எண்டு சொன்னவர். நான் இருக்கிறது வெள்ளவத்தையில, ஆனா மாசத்தில ஒருக்காவாவது முத்தையன்கட்டுக்குப் போறனான், அப்பா அம்மா அங்க, வயலும் அங்க. புத்தளம், அனுராதபுரம், வவுனியா தாண்டி மாங்குளம் மட்டும் நல்ல தார் ரோட்டு, வெயிலுக்க மணித்தியாலக் கணக்கில ஒரே பிடியா ஓடுறது, அங்கால ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பி உள்ளுக்க இறங்கினா கிறவல், குளக்கட்டு, வாய்க்கால் ஓரம், மாரி துவங்கிச்சுதெண்டா டிரக்டர் போய்ப் போய்க் கிண்டி வைச்ச சேறு. தார் ரோட்டு டயர் அந்தச் சேத்தில வழுக்கும், சேத்துக்கெண்டே செய்யிற மட் டெரெய்ன் டயர் போட்டா ஏ9 ரோட்டில இரைச்சல் தாங்கேலாது, மழை ரோட்டில பிரேக் பிடிக்கவும் பயம். எனக்கு ரெண்டும் வேணும், அதாலதான் ஓல் டெரெய்ன், அதிலயும் சைட் வோல், அதாவது பக்கச் சுவர், தடிச்ச எல்.டி. (பாரம் ஏத்துற வாகனத்துக்கான) வகைதான் வேணுமெண்டு கேட்டு வாங்கினனான். விதைநெல் மூட்டையும் ஏத்திக்கொண்டு போறனான், சேறு கூடினா காத்தை 20 பி.எஸ்.ஐ. மட்டுக்கு இறக்கித்தான் ஓட்டுறனான், காத்து இறக்கினா ஒவ்வொரு சுத்துக்கும் டயரின்ர சுவர் மடிஞ்சு நிமிரும். அந்த இடத்தில ரப்பர் இறுகிப் போயிருந்தா என்ன நடக்கும் எண்டு உங்களுக்கு என்னை விட நல்லாத் தெரியும்.

காசைப் பற்றியும் சொல்லோணும். 2020ல வாகன இறக்குமதி நிண்டதுக்குப் பிறகு ஏறின விலைக்கு எங்களுக்கு வேற ஜீப் வாங்கிற கதையே இல்ல, இந்த வருஷம் பெப்ரவரியில திரும்பத் திறந்து விட்டும் வரியோட பாத்தா கிட்டப் போகேலாது, அதால இருக்கிறதைப் பாத்துப் பாத்து வைச்சிருக்கிறன். இந்த 314,000 ரூபாயும் சீட்டெடுத்த காசு. பஞ்சிகாவத்தையில நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்டனான், உங்களை விட 6,000 ரூபா குறைவாச் சொன்ன கடையும் இருந்தது. அப்பிடியும் உங்களிட்ட வந்தது ஒரு காரணத்துக்காக, அதைத்தான் இனி எழுதப் போறன்.

கடைக்குள்ள ஜீப்பை விட்டவுடன கவுண்டர்ல நிண்ட தம்பி வெளியில வந்து, குந்தியிருந்து, என்ர பழைய டயரின்ர பக்கத்தில இருந்த மண்ணைக் கையால துடைச்சு, டயர் செய்த திகதி இருக்கிற டொட் நம்பரைக் காட்டினவர். கடைசி நாலு இலக்கம் 4218. “முதல் ரெண்டும் கிழமை, பின் ரெண்டும் வருஷம் சேர், இது 2018ம் ஆண்டு 42வது கிழமை செய்தது, ஏழு வருஷமாகப் போகுது, ட்ரெட் இருக்கெண்டு பாக்காதேங்கோ, ரப்பர் செத்துப் போச்சு, இதோட குடும்பத்தை ஏத்திக்கொண்டு ஏ9ல ஓடாதேங்கோ” எண்டு சொன்னவர். எனக்கு அந்தக் கதை நல்லாப் பிடிச்சது. மற்றக் கடையில எல்லாம் விலையைத்தான் சொன்னவை, இவர் விஷயத்தைச் சொல்றார் எண்டு நம்பினனான். அந்தப் பழைய டயர் நாலையும் 12,000 ரூபாய்க்கு நீங்களே எடுத்தீங்கள்.

இப்ப என்ர ஜீப்பில இருக்கிற ரெண்டு டயரின்ர நம்பர் 3819. அதாவது 2019ம் ஆண்டு 38வது கிழமை, செப்டம்பர் மாசம். நீங்கள் செத்துப் போச்செண்டு கழட்டின டயருக்கும் நீங்கள் புதுசெண்டு பூட்டின டயருக்கும் பதினொரு மாசம்தான் வித்தியாசம்.

இது எனக்குத் தெரிய வந்தது ஒக்டோபர் 4ம் திகதி. போயா லீவோட சேத்து மூண்டு நாள் கிடைச்சது, காலபோக விதைப்புக்கு அப்பாக்கு உதவி செய்வம் எண்டு மனிசியையும் பிள்ளையள் ரெண்டு பேரையும் ஏத்திக்கொண்டு விடிய வெளிக்கிட்டனாங்கள். வவுனியா தாண்டினாப் பிறகு பின்னுக்கு ஒரு மெல்லிய அதிர்வு, ரோட்டாக்கும் எண்டு விட்டிட்டன். ஒட்டுசுட்டானில நிப்பாட்டிப் பாத்தா பின் இடப்பக்க டயர்ல காத்துக் குறைஞ்சிருக்கு. பஞ்சர் கடைப் பெடியன் ஆணியைப் பிடுங்கி, டயரை ரிம்மில இருந்து கழட்டி, உள்பக்கத்தைத் திருப்பிப் பாத்திட்டு, “அண்ணை இது எங்க வாங்கினது? புது டயர் இல்லையே” எண்டான். நான் அவனோட தர்க்கப்பட்டனான், மூண்டு கிழமைதான் ஆகுது, பில் இருக்கு எண்டு. அவன் ஒண்டும் சொல்லாம விரலால ரெண்டு ட்ரெட் கட்டைக்கு நடுவில இருக்கிற பள்ளத்தை விரிச்சுக் காட்டினான், அடியில தலைமயிர் மாதிரி வெடிப்பு. சைட் வோல்லயும் ரிம் ஓரமா ஒரு சுத்து முழுக்க அதே மாதிரி. பிறகு நம்பரைக் காட்டினான்.

மூட்டையளையும் பிள்ளையளையும் இறக்கி வைச்சிட்டு நான் போன் டோர்ச்சைப் பிடிச்சுக்கொண்டு ஜீப்புக்குக் கீழ படுத்து மற்ற மூண்டையும் பாத்தனான். முன் வலப்பக்கமும் 3819. மற்ற ரெண்டும் 1125, இந்த வருஷம் மார்ச் மாசம் செய்தது, அதில எனக்கு எந்தக் குறையும் இல்ல. அந்த ரெண்டு நல்ல டயர்லயும் முழு நம்பர் வெளிப்பக்கம் தெரியுது. 3819 டயர் ரெண்டிலயும் முழு நம்பர் இருக்கிற பக்கம் உள்ளுக்க, அச்சுப் பக்கம் திருப்பிப் பூட்டியிருக்கு. திகதியோட உள்ள முழு நம்பர் டயர்ல ஒரு பக்கம் மட்டும் இருந்தாலும் சரி எண்டது எனக்குத் தெரியும், இந்த டயருக்கு ரெண்டு பக்கமும் கறுப்பு எழுத்துத்தான், எந்தப் பக்கத்தையும் வெளியில வைக்கலாம் எண்டதும் தெரியும். ஆனா ஒரே கொம்பனி, ஒரே டிசைன், ஒரே நாள், ஒரே ஆள் பூட்டினது, புதுசு ரெண்டுக்கும் நம்பர் வெளியில, பழசு ரெண்டுக்கும் உள்ளுக்க. வேணுமெண்டு செய்தீங்கள் எண்டு நான் எழுதேல்ல, ஆனா இது எப்பிடி நடந்தது எண்டதுக்கு உங்களிட்ட இருந்து ஒரு பதில் வேணும். வொறன்டி கார்டில டயர் நம்பர் எழுதிற இடம் நாலு இருக்கு, நாலையும் வெறுமையா விட்டிட்டு ஒரு கோடு கீறி விட்டிருக்கு, அதுக்கும் பதில் வேணும்.

பிறகு அந்த ரெண்டரை நாளும் நான் வயலுக்கு ஜீப்பைக் கொண்டு போகேல்ல. விதைநெல்லைப் பக்கத்து வீட்டு டிரக்டர்லதான் ஏத்தினது. பின் டயரைக் கழட்டிப் போட்டு ஸ்பெயார் வீலைப் பூட்டி, முன் வலப்பக்கத்துப் பழைய டயரைப் பின்னுக்கு மாத்தி, அறுபதுக்கு மேல போகாம கொழும்புக்கு வந்து சேந்தது திங்கள் இரவு பதினொரு மணிக்கு. வழி முழுக்க மனிசி ஒரு கதை கதைக்கேல்ல.

செவ்வாய்க்கிழமை போன் எடுத்தா உங்கட ஆள் சொன்ன முதல் பதில், “ஸ்டோர்ல கிடந்த டயர் பழசாகாது சேர், ஓடினாத்தான் பழசு.” ரெண்டாவது தரம் எடுக்க, “டயருக்குப் பத்து வருஷம் மட்டும் ஆயுள் இருக்கு” எண்டவர். இது ரெண்டுக்கும் பதில் சொல்றன். ரப்பர் ஓடித்தான் கிழடாகோணும் எண்டில்ல. காத்தில இருக்கிற ஒக்சிசனும் ஓசோனும் வெக்கையும் பட்டாலே அது மெல்ல மெல்ல இறுகும், அதைத் தடுக்கக் கலந்திருக்கிற மெழுகும் மருந்தும் வருஷம் போகப் போகக் குறையும். ஓடுற டயர் சூடேறி மடிய மடிய அந்த மெழுகு வெளியில வந்து மேற்பரப்பைக் காக்கும், சும்மா கிடக்கிற டயருக்கு அதுவும் இல்ல. குளிரான, இருட்டான இடத்தில ஒழுங்கா வைச்சிருந்தா ஒரு டயர் கனகாலம் தாங்கும், அதை நான் மறுக்கேல்ல. ஆனா தகரக் கூரைக்குக் கீழ கொழும்பு வெக்கையில அடுக்கி வைச்ச டயருக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது, வெடிப்பு கண்ணுக்கு முன்னால இருக்கு. பத்து வருஷம் எண்டு டயர் கொம்பனிகள் சொல்றது கடைசி எல்லை, அதுவும் அஞ்சு வருஷம் தாண்டினா வருஷா வருஷம் காட்டிப் பாக்கோணும் எண்டு சேத்துத்தான் சொல்லுகினம், வாகனம் செய்யிற கொம்பனிகள் பலது ஆறு வருஷத்தோட மாத்தச் சொல்லுகினம். என்ர டயர் வாங்கின மாசமே அந்த ஆறு வருஷம் முடிஞ்சிருக்கு. எல்லாத்துக்கும் மேல, பழசு எண்டா பழசு எண்டு சொல்லியிருக்கலாம். விலையைக் குறைச்சு, திகதியைக் காட்டி, வேணுமோ வேண்டாமோ எண்டு கேட்டிருந்தா நான் வேண்டாம் எண்டு சொல்லியிருப்பன், இவ்வளவுக்கு வந்திராது.

இப்ப நான் கேக்கிறது இது. 3819 டயர் ரெண்டையும் எடுத்துக்கொண்டு, மற்ற ரெண்டோட சேரக்கூடிய 2025ல செய்த, அதே டிசைன் எல்.டி. டயர் ரெண்டு தாங்கோ, நம்பர் வெளிப்பக்கம் தெரியப் பூட்டுங்கோ. நாலு நம்பரையும் பில்லிலயும் வொறன்டி கார்டிலயும் எழுதி முத்திரை குத்தித் தாங்கோ. வீல் பலன்சும் எலைன்மென்டும் திரும்பச் செய்யோணும், அதுக்கு நான் காசு தரமாட்டன். அந்த டிசைன் உங்களிட்ட இப்ப இல்லையெண்டா வேற டிசைன் ரெண்டைக் கலந்து பூட்டி ஒப்பேத்த வேண்டாம், நாலு சக்கரமும் இழுக்கிற வாகனத்துக்கு அது சரிவராது, நாலையும் எடுத்துக்கொண்டு 314,000 ரூபாயையும் திருப்பித் தாங்கோ. கூப்பன், அடுத்த தரம் கழிவு எண்டு எதுவும் வேண்டாம்.

வாற சனிக்கிழமை 18ம் திகதிக்குள்ள எழுத்தில பதில் வேணும். 20ம் திகதி தீபாவளி, பிள்ளையள் அப்பம்மாட்டப் போகோணும் எண்டு நிக்குதுகள். பதில் வராட்டி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில முறைப்பாடு குடுப்பன், வாங்கி மூண்டு மாசத்துக்குள்ள எழுத்தில குடுக்கோணும், எனக்கு டிசம்பர் 13 மட்டும் காலம் இருக்கு, அவையின்ர 1977 நம்பருக்குப் போன் எடுத்து விசாரிச்சும் வைச்சிருக்கிறன். டயர் நம்பர் நாலும், வெடிப்புகளும், உள்ளுக்கத் திருப்பிப் பூட்டியிருந்த மாதிரியும் தெரியிற பன்னிரண்டு படம் இதோட இருக்கு. கழட்டின டயரைக் கழுவாம, ஒட்டுசுட்டான் பெடியன் சோக்கால வட்டம் போட்ட அடையாளத்தோட அப்பிடியே வீட்டில வைச்சிருக்கிறன், மற்றது ஜீப்பிலயே பூட்டினபடி இருக்கு, ஆரையும் அனுப்பிப் பாக்கலாம், பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு நான் வீட்டிலதான்.

இப்படிக்கு,
உங்களிட்ட நாலு டயர் வாங்கின வாடிக்கையாளர்
வெள்ளவத்தை