‘பாதுகாப்பாக அப்புறப்படுத்தப்பட்டது’ என்றால் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொழிற்சாலைக் கழிவு பற்றி எந்தச் செய்தி வந்தாலும் கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: ‘கழிவுகள் பாதுகாப்பாக அப்புறப்படுத்தப்பட்டன.’ உங்கள் நாளிதழை மட்டும் சொல்லவில்லை, எல்லா இடத்திலும் இதே கதைதான். படித்ததும் மனசு லேசாகி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். 18 வருடம் ஒரு தொழிற்சாலையின் கழிவுக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவன் நான், எனக்கு அந்த வாக்கியத்தைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. என்ன கழிவு, எங்கே போனது, அதைச் சுத்திகரித்த பிறகு மிச்சம் என்ன இருந்தது? இந்த மூன்றில் ஒன்றுக்குக்கூட அதில் பதில் கிடையாது.

கிடங்கில் என்னைப் பயமுறுத்தியது அமிலம் நிரம்பிய பேரல் இல்லை. அமிலம் என்று தெரிந்துவிட்டால் அதை எப்படிக் கையாள்வது என்பதும் தெரிந்துவிடும். பயம், பேர் இல்லாத பேரலிடம்தான். ஒருநாள் காலை சுவரோரமாக நீல பிளாஸ்டிக் பேரல் ஒன்று நின்றுகொண்டிருந்தது. வெயிலில் வெளுத்துப்போன லேபிளில் தேதியின் கடைசி இரண்டு எண்கள்தான் மிச்சம். மூடி தட்டையாக இல்லாமல் நடுவில் மேடிட்டிருந்தது, அதாவது உள்ளே வாயு கட்டியிருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் “லேசா லூஸ் பண்ணிப் பார்க்கட்டுமா சார்?” என்று ஸ்பேனரோடு குனிந்துவிட்டான். நான் அவனைப் பிடித்து இழுத்த வேகத்தில் சட்டைப் பட்டன் தெறித்துப் போனது.

ஏன் அந்தப் பதற்றம் என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். முலாம் பூசும் பிரிவிலிருந்து வரும் சயனைடு கழிவில் தெரியாமல் அமிலத்தை ஊற்றினால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும், ஆளைக் கொல்ல அதற்குச் சில நிமிடங்கள் போதும். சல்பைடு கழிவில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வரும். அது முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய்விடும், நாற்றம் போய்விட்டது என்று நினைத்து ஆள் அங்கேயே நிற்பான். நைட்ரிக் அமிலத்தில் அசிட்டோன் போன்ற கரைப்பான் ஏதாவது சேர்ந்தால் சூடேறி வாயு பெருகி பேரலே வெடிக்கும். தனித்தனியாக இருந்தால் இவற்றைச் சமாளிக்கலாம். ‘எல்லாம் கழிவுதானே’ என்று ஒரே பேரலில் ஊற்றும்போதுதான் வினையே.

பேர் இல்லாமல் பேரல் நகர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1976இல் இத்தாலியின் செவெசோ அருகே ஒரு ரசாயன ஆலை விபத்தில் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு வெளியேறியது. அதைச் சுத்தம் செய்தபோது சேர்ந்த நஞ்சை 41 பேரல்களில் அடைத்து 1982இல் வண்டியில் ஏற்றினார்கள். வண்டி எல்லையைத் தாண்டியது, அதோடு சரி. பேரல்கள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மாதக்கணக்கில் பல நாடுகள் தேடி, 1983இல் வடக்கு பிரான்சில் பயன்பாட்டில் இல்லாத ஒரு இறைச்சிக்கூடத்தில் கண்டுபிடித்தார்கள். நினைத்துப் பாருங்கள், உலகமே கவனித்துக்கொண்டிருந்த கழிவுக்கே இந்தக் கதி. கடைசியில் அதை எரித்தது சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில். நாடு விட்டு நாடு ஆபத்தான கழிவு போவதைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை 1989இல் கையெழுத்தானதும் அதே பாசலில்தான்.

அப்புறம், ‘சுத்திகரித்துவிட்டோம்’ என்ற பேச்சு. குரோம் முலாம் பூசிய பொருளைக் கழுவிய தண்ணீர் மஞ்சளாக இருக்கும், அதிலிருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், புற்றுநோய் தரக்கூடியது. முதலில் அமிலம் சேர்த்து பிஎச் அளவை 2, 3க்கு இறக்க வேண்டும், பிறகு சோடியம் பைசல்பைட் சேர்த்தால் மஞ்சள் கண்ணெதிரே பச்சையாக மாறும். பச்சையான பிறகுதான் சுண்ணாம்பு, அப்போதுதான் குரோமியம் கசடாகப் படியும். ஷிஃப்ட் முடியும் அவசரத்தில் யாராவது நேரடியாகச் சுண்ணாம்பைக் கொட்டினால் தண்ணீர் மஞ்சளாகவேதான் இருக்கும். அப்போது செய்யும் தந்திரம் என்ன தெரியுமா? நாலு மடங்கு நல்ல தண்ணீரைத் திறந்துவிடுவது. மஞ்சள் கண்ணுக்குத் தெரியாது, ஒரு லிட்டரில் எவ்வளவு என்று பார்த்தால் அளவும் குறைந்திருக்கும், ஆனால் வாய்க்காலில் போய்ச் சேரும் குரோமியத்தில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

சரி, ஒழுங்காகவே செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம், அப்போதும் கசடு மிஞ்சும். அதை சிமென்ட் போன்ற பொருளோடு கலந்து இறுக்கி, களிமண்ணும் எச்டிபிஇ என்ற தடித்த பிளாஸ்டிக் விரிப்பும் அடுக்கடுக்காகப் போட்ட குழியில் புதைக்க வேண்டும், அடியில் கசியும் நீரைப் பிடிக்கக் குழாய், சுற்றிலும் நிலத்தடி நீரைச் சோதிக்கக் கிணறுகள். குழி நிறைந்து மூடிய பிறகும் பல பத்தாண்டுகள் யாராவது அந்தக் கிணற்றுத் தண்ணீரை எடுத்துச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும், கம்பெனி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அமெரிக்காவில் லவ் கால்வாய் என்ற இடத்தில் சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்து மண்ணை மூடி, 1953இல் அந்த நிலத்தை ஒரே ஒரு டாலருக்குப் பள்ளி நிர்வாகத்துக்கு விற்றார்கள். அங்கே பள்ளிக்கூடம் வந்தது, சுற்றி வீடுகள் வந்தன. 1978இல் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. கீழே ரசாயனம் இருக்கிறது என்று விற்பனைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தது என்பதுதான் இதில் எனக்கு ஆறாத விஷயம்.

எரித்துவிட்டால் தீர்ந்தது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குளோரின் அதிகமுள்ள கழிவென்றால் 1,100 டிகிரி செல்சியஸில் குறைந்தது 2 விநாடியாவது அதிலிருந்து வரும் வாயு உலைக்குள் நிற்க வேண்டும், வெளியேறும் புகையைச் சட்டென்று குளிர்விக்க வேண்டும், மெதுவாக ஆறவிட்டால் 450இலிருந்து 200 டிகிரிக்கு இறங்கும் நேரத்தில் டையாக்சின் மறுபடி உருவாகும். பாதரசத்தையோ காரீயத்தையோ எந்தத் தீயும் அழிக்காது, ஒன்று புகையில் போகும், இல்லை சாம்பலில் உட்காரும். 1984இல் விபத்து நடந்த போபால் ஆலையில் கிடந்த 337 டன் கழிவு அங்கிருந்து கிளம்பியது 2025 ஜனவரியில், எரித்து முடித்தது அதே ஆண்டின் நடுவில். எரிக்கும்போது சேர்த்த சுண்ணாம்பும் கலந்ததால் மிஞ்சிய சாம்பலின் எடை எரித்த கழிவைவிட அதிகம். அந்தச் சாம்பலுக்கும் ஒரு குழி வேண்டும்.

குறைப்பதுதான் முதல் வேலை என்று சொன்னால் ஏதோ உபதேசம் மாதிரி கேட்கிறது, ஆனால் அது பல சமயம் சின்ன விஷயம். முலாம் தொட்டியிலிருந்து தூக்கிய பொருளைத் தொட்டிக்கு மேலேயே இன்னும் பத்து விநாடி தொங்கவிட்டால் சொட்டுவது தொட்டிக்கே திரும்பிப் போகும், கழுவும் தண்ணீரில் கலக்கும் உலோகம் கணிசமாகக் குறையும். இதற்கு இயந்திரம் வாங்க வேண்டியதில்லை, அவசரப்படுத்தாத சூப்பர்வைசர் ஒருவர் இருந்தால் போதும். (அவரைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.)

ஆகவே உங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாராவது ‘அப்புறப்படுத்திவிட்டோம்’ என்றால் வண்டியோடு போன தாளைக் கேளுங்கள். அதில் கழிவின் பெயர், அளவு, அனுப்பியவர், ஏற்றிச் சென்றவர், பெற்றவர் எல்லாம் இருக்கும். பெற்றவர் கையெழுத்துப் போட்ட பிரதி அனுப்பியவரிடம் திரும்பி வர வேண்டும். அந்தக் கடைசிப் பிரதி கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒப்பந்தக்காரர் மற்றவர்களைவிடப் பாதி விலைக்கு எடுத்துப்போனார் என்றால் அந்தப் பாதியை எங்கே மிச்சம் பிடித்தார் என்றும் கேளுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த நீலப் பேரலுக்கு வருகிறேன். பயிற்சி பெற்றவர்கள் வந்து தூரத்திலிருந்து துளையிட்டு வாயுவை வெளியேற்றினார்கள், மாதிரி எடுத்துப் பார்த்தால் பழைய நைட்ரிக் அமிலம், அதில் யாரோ கொஞ்சம் கரைப்பானை ஊற்றியிருக்கிறார்கள். வேறு பேரலுக்கு மாற்றி, லேபிள் ஒட்டி, மூன்று மாதம் கழித்து வண்டியில் ஏற்றினோம். கையெழுத்துப் போட்ட பிரதி திரும்பி வரவில்லை. ஒருமுறை போன் செய்தேன், ‘அனுப்புகிறோம்’ என்றார்கள், அப்புறம் நானும் விட்டுவிட்டேன். அந்த வருட அறிக்கையில் அந்தப் பேரலுக்கு நேராக என் கையாலேயே எழுதினேன்: ‘பாதுகாப்பாக அப்புறப்படுத்தப்பட்டது.’

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிடங்குப் பொறுப்பாளர் ஒருவர்